எஃப்எம்எஸ் செல்லில் மெஷின் காத்திருக்காமல் சரக்கு போய்ச் சேர: நாங்கள் செய்து பார்த்தவை

முதலில் எங்கள் எஃப்எம்எஸ் (ஃபிளெக்சிபிள் மேனுஃபாக்சரிங் சிஸ்டம், பல வகை உருப்படிகளைக் கலந்து ஓட்டும் தானியங்கி மெஷின் கூட்டம்) செல் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் பின்னால் வரும் கணக்கு புரியாது. ஒரே மாதிரியான நான்கு ஹாரிசான்டல் மெஷினிங் சென்டர்கள், அவற்றுக்கு எதிரே 18 இடங்கள் கொண்ட பேலட் ராக், நடுவில் தண்டவாளத்தில் ஓடும் ஒரு வண்டி, ஓரத்தில் இரண்டு லோடிங் ஸ்டேஷன்கள். சுற்றி வருபவை 16 பேலட்டுகள், அதாவது உருப்படியைப் பூட்டி மெஷினுக்குள் அனுப்பும் தட்டையான மேடைகள். பேலட் மேல் நான்கு முகம் உள்ள டூம்ஸ்டோன் ஃபிக்ஸ்சர் (உருப்படியைப் பிடித்து நிறுத்தும் தூண்), முகத்துக்கு ஒன்று வீதம் நான்கு காஸ்டிங் (வார்ப்பு உருப்படி). ஒவ்வொரு மெஷினுக்கும் வாசலில் பேலட் சேஞ்சர் உண்டு, அதனால் உள்ளே ஒரு ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பேலட் வந்து தயாராக நிற்கலாம். பம்ப் பாடி, வால்வு மூடி, கியர் ஹவுசிங் என்று உருப்படிகள் பல வகை. சில தினமும் ஓடும், சில எப்போதாவது தலைகாட்டும்.

எந்த ஜாப் வந்தாலும் செட்டிங்கைக் கலைக்காமல் ஓட்டலாம் என்பதற்காகத்தான் இப்படி ஒரு அமைப்பைப் போடுகிறோம். ஆனால் நடந்தது வேறு. டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் சும்மா நிற்கும், அதே நேரத்தில் லோடிங் ஸ்டேஷனைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாமல் காஸ்டிங் குவிந்து கிடக்கும். சரக்குக்குப் பஞ்சமே இல்லை. இப்போது தேவைப்படுவது மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில் எங்கேயோ இருக்கும்.

எல்லோரும் கைகாட்டியது வண்டியைத்தான். "ஒரே வண்டி சார், நாலு மெஷினுக்கு எப்படிப் போதும்" என்பது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கேட்கிற பேச்சு. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். ஒரு பேலட்டின் சராசரி சைக்கிள் டைம் 36 நிமிடம், நான்கு மெஷின், ஆக 9 நிமிடத்துக்கு ஒரு பேலட் முடிகிறது. ஒவ்வொரு பேலட்டுக்கும் வண்டி நான்கு முறை நகர வேண்டும்: ஸ்டேஷனிலிருந்து ராக்குக்கு, ராக்கிலிருந்து மெஷினுக்கு, மெஷினிலிருந்து ராக்குக்கு, ராக்கிலிருந்து மறுபடியும் ஸ்டேஷனுக்கு. நகர்வுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். 9 நிமிடத்தில் 4 நிமிடம் வேலை, பாதிக்கும் குறைவு. அதோடு சேஞ்சர் வேறு இருப்பதால், ஒரு ஜாப் ஓடும் 36 நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அடுத்த பேலட்டைக் கொண்டுவந்து வைத்தால் போதும். இத்தனைக்குப் பிறகும் மெஷின் நிற்கிறது என்றால் வண்டி தாமதிக்கவில்லை, தூக்கிக்கொண்டு வர அதற்குத் தயாரான பேலட் இல்லை.

அதனால் பார்வையை லோடிங் ஸ்டேஷன் பக்கம் திருப்பினோம். அங்கே ஒரு தாளை ஒட்டி, லோடிங் செய்ய முடியாமல் நிற்கும் ஒவ்வொரு முறையும் காரணத்துக்கு ஒரு கோடு போடச் சொன்னோம். காஸ்டிங் கையில் இல்லை, ஃபிக்ஸ்சர் காலியாக இல்லை, டூல் இல்லை, தர சோதனை முடியவில்லை, வண்டி வரவில்லை என்று ஐந்தே கட்டங்கள். கம்ப்யூட்டரில் இதற்கான ரிப்போர்ட் இல்லாமல் இல்லை, ஆனால் அது மெஷின் நின்றது என்று மட்டும் சொல்லும், ஏன் நின்றது என்பது ஸ்டேஷனில் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும். தாள் நிரம்ப நிரம்பப் படம் தெளிவானது. வண்டிக் கட்டம் ஏறத்தாழ காலி. முதல் கட்டம் கறுத்துப் போயிருந்தது, டூல் அதற்கு அடுத்தது.

இங்கேதான் ஒரு கணக்கு எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. முடிந்த ஜாபை இறக்கி, ஃபிக்ஸ்சரின் இருக்கைகளில் ஒட்டியிருக்கும் சிப்ஸை ஊதித் துடைத்து, புதிய நான்கு காஸ்டிங்கை ஏற்றி கிளாம்ப் முறுக்க 12 நிமிடம் ஆகிறது. இரண்டு ஸ்டேஷன் இருப்பதால் 6 நிமிடத்துக்கு ஒரு பேலட் தயார், தேவை 9 நிமிடத்துக்கு ஒன்று. மூன்றில் இரண்டு பங்கு சுமைதான், தாராளம். ஆனால் லோடிங் ஆபரேட்டரே போய்க் காஸ்டிங்கைத் தேடி டிராலியில் தள்ளிக்கொண்டு வந்தால் பேலட்டுக்கு இன்னும் 5 நிமிடம் சேர்கிறது. 17 நிமிடம், இரண்டு ஸ்டேஷனுக்கும் சேர்த்து எட்டரை நிமிடத்துக்கு ஒன்று. இப்போதும் 9-க்குள் அடங்கத்தான் அடங்குகிறது, தாளில் பார்க்கிறவர் போதும் என்றுதான் சொல்வார். சுமை மட்டும் 67 சதவீதத்திலிருந்து 94 சதவீதத்துக்கு ஏறிவிட்டது.

கிங்மன் 1961-இல் கொடுத்த வரிசைச் சூத்திரம் காட்டுவது இதைத்தான். காத்திருப்பு நேரம், சுமையை மிச்சமிருக்கும் திறனால் வகுத்த அளவில் வளரும். 67 சதவீதத்தில் அந்த எண் 2, 94 சதவீதத்தில் 17. எங்களுக்கு இரண்டு ஸ்டேஷன் இருப்பதால் அப்படியே பொருந்தாதுதான், ஆனால் போக்கு மாறாது. ஐந்து நிமிட நடை ஐந்து நிமிடத்தோடு நிற்பதில்லை, வரிசையை எட்டு மடங்கு நீட்டுகிற அளவுக்குப் போகிறது. அதற்கு மேல், தேடுகிற நேரம் ஒருமுறை 2 நிமிடம், ஒருமுறை 15 நிமிடம் என்று தாறுமாறாக இருந்தால் காத்திருப்பு இன்னும் ஏறும். இதைப் பார்த்த பிறகு ஒரு முடிவு எடுத்தோம், மற்ற மாற்றங்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைத்தன: லோடிங் ஆபரேட்டர் ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாது, அவர் கை நீட்டினால் காஸ்டிங் இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு சுற்று ஆளை வைத்தோம். டொயோட்டா முறையில் ஓடும் ஆலைகளில் இதற்கென்றே தனி ஆள் இருப்பது வழக்கம். அரை மணிக்கு ஒருமுறை, ஒரே பாதை, ஒரே வரிசை. ஸ்டோர்ஸ், காஸ்டிங் ரேக், டூல் அறை, லோடிங் ஸ்டேஷன், முடிந்த ஜாப் இறக்கும் இடம், திரும்பவும் ஸ்டோர்ஸ். யாராவது கூப்பிட்டால் ஓடுகிற வேலை இது இல்லை, பஸ் மாதிரி நேரத்துக்கு வருவது. ஆரம்பத்தில் சூப்பர்வைசருக்கு இதில் சம்மதமே இல்லை, ஒரு ஆளை நேரடி உற்பத்தியிலிருந்து எடுத்தால் யார் பதில் சொல்வது என்றார். நியாயமான கேள்விதான். மேலே சொன்ன இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிய பிறகு, சரி, பார்ப்போம் என்றார்.

அடுத்தது எவ்வளவு சரக்கை முன்னால் வைப்பது என்பது. இதில் நிறையப் பேர் கேன்பன் (காலிப் பெட்டியோடு திரும்பும் அட்டையை வைத்துச் சரக்கை நிரப்பும் முறை) சூத்திரத்தை எடுத்து எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், பெட்டியின் அளவைப் பற்றி யோசிப்பதில்லை. சூத்திரம் எளிதானது: மணிக்கு எத்தனை செலவாகிறது, காலிப் பெட்டி நிரம்பித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, அதன் மேல் கொஞ்சம் பாதுகாப்பு, எல்லாவற்றையும் பெருக்கி, ஒரு பெட்டியில் எத்தனை என்பதால் வகுத்தால் பெட்டி எண்ணிக்கை வந்துவிடும். எங்கள் பம்ப் பாடி மணிக்கு 8 போகிறது. காலிப் பெட்டியோடு அட்டை கிடக்கும் நேரம், ஸ்டோர்ஸில் எடுத்து மணல் தட்டி கேஜ் வைத்துப் பார்க்கும் நேரம், கொண்டுவரும் நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி. பாதுகாப்புக்கு 25 சதவீதம். 8 × 1.5 × 1.25 = 15 காஸ்டிங்.

முன்பு பெட்டிக்கு 10 என்று வந்துகொண்டிருந்தது, சப்ளையரிடமிருந்து வருகிற பெட்டி அப்படி. ஃபிக்ஸ்சருக்கு வேண்டியதோ 4. முதல் பெட்டியில் இரண்டு லோடு போனால் இரண்டு காஸ்டிங் மிச்சம், அந்த இரண்டும் தரையில் இறங்கும், அடுத்த வகை வரும்போது ஓரமாகத் தள்ளப்படும், அப்புறம் அது எந்த வகை, எந்த ஹீட் (ஒரே உருக்கில் வார்த்த தொகுதி), கேஜ் பார்த்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. குவியல் உருவானதே இப்படித்தான். ஆகவே பெட்டியையே நான்கு காஸ்டிங் கொள்ளும்படி செய்தோம். ஒரு டிராலி தட்டு, அதில் அந்தந்த வகையின் துளைக்கு ஏற்ற நான்கு முளைகள். பம்ப் பாடித் தட்டில் வால்வு மூடி உட்காராது. ஒரு தட்டு காலியானால் ஒரு பேலட் ஏறிவிட்டது என்று அர்த்தம், எண்ண வேண்டியதில்லை, மிச்சம் என்ற பேச்சே இல்லை. தட்டில் ஒரு முளை காலியாக வந்தால் தூரத்திலிருந்தே தெரியும். 15-ஐ நாலால் வகுத்தால் 3.75, ஆக நான்கு தட்டு. பம்ப் பாடிக்கு ஸ்டேஷன் அருகே 16-க்கு மேல் காஸ்டிங் வரவே முடியாது, ஏனென்றால் ஐந்தாவது தட்டு என்று ஒன்று கிடையாது. செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். வெல்டிங் செய்த கொஞ்சம் தகடும் முளையும், அவ்வளவுதான்.

காஸ்டிங்கைச் சோதிக்கும் வேலையையும் இதோடு சேர்த்து, ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்பே ஸ்டோர்ஸில் முடிக்கும்படி மாற்றினோம். ஒட்டிய மணல், ஃபின் (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிசிறு), நகர்ந்துபோன கோர் (உள்குழிவை உருவாக்கும் மணல் அச்சு) இவை எல்லாம் முன்பு லோடிங் ஸ்டேஷனில், கிளாம்ப் உட்காராதபோதுதான் தெரியவந்தன. அப்போது நான்கில் மூன்று ஏற்றியாயிற்று, நாலாவதுக்கு ஆள் ஓடுவார், ஸ்டேஷன் அடைபட்டு நிற்கும். இப்போது தட்டில் வைக்கும் இடத்திலேயே, ஃபிக்ஸ்சரின் இருக்கையைப் போலவே செய்த ஒரு கேஜில் வைத்துப் பார்த்துவிடுகிறார்கள். உட்காராதது தட்டுக்கே வராது.

இந்தத் தட்டு ஏற்பாடு தினமும் ஓடும் வகைகளுக்குச் சரி. எப்போதாவது வருவதற்கு இது ஆகாது. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு தட்டு வைத்தாலே தரை நிரம்பிவிடும், அந்தத் தட்டுகள் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய ஓனோ, அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் எடுத்த இடத்தை மட்டும் நிரப்புகிற பழக்கத்திலிருந்து யோசனை எடுத்தார் என்பார்கள். அது தொடர்ந்து எடுக்கப்படுகிற பொருளுக்குத்தான் வேலை செய்யும். அரிதான வகைக்கு வேறு வழி: செல்லை இயக்கும் கம்ப்யூட்டரான கன்ட்ரோலரில் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு விடுவித்த ஜாப் பட்டியலைச் சுற்று ஆள் கையில் கொடுத்துவிடுகிறோம், அந்த வரிசைப்படி அந்தந்தச் செட்டை மட்டும் கொண்டுவருவார். மாதத் திட்டத்தையோ வாரத் திட்டத்தையோ பார்த்துக் கொண்டுவருவதை அறவே நிறுத்தினோம். திட்டம் மாறும், விடுவித்த பட்டியல் மாறாது, குறைந்தபட்சம் அந்த இரண்டு மணி நேரத்துக்காவது மாறக் கூடாது என்று சண்டை போட்டு வாங்கினோம்.

அப்புறம் டூல். சரக்கு என்றால் காஸ்டிங் என்றே நினைக்கிறோம், ஆனால் மெஷினுக்கு அது நாலில் ஒன்றுதான். காஸ்டிங், ஃபிக்ஸ்சர், டூல், ப்ரோக்ராம் நாலும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் ஸ்பிண்டில் சுற்றும். மூன்று வந்து ஒன்று வராவிட்டால் அந்த மூன்றும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் நாலும் உறுதியானால் ஒழிய ஜாபை விடுவிப்பதில்லை என்று வைத்தோம். கேட்க எளிதாக இருக்கிறது, டூலில் வந்துதான் சிக்கும்.

ஒவ்வொரு மெஷினிலும் டூல்களை வைத்திருக்கும் மேகசினில் 60 இடம். எங்கள் வகைகள் அனைத்துக்கும் வேண்டிய டூல்களை எழுதினால் 60-ஐத் தாண்டுகிறது. எந்த மெஷினிலும் எந்த ஜாபும் என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. பொதுவான டூல்கள் அதிகம் உள்ள வகைகளைச் சேர்த்து இரண்டு குடும்பமாகப் பிரித்து, முதல் இரண்டு மெஷினுக்கு ஒன்று, அடுத்த இரண்டுக்கு மற்றொன்று என்று கொடுத்தோம். ஒரு மெஷின் படுத்தால் அதன் ஜோடி தாங்கும். டிராயிங்கில் 8.5 துளையும் 8.6 துளையும் தனித்தனியாக வந்த இடங்களில், உண்மையிலேயே இரண்டும் வேண்டுமா என்று டிசைன்காரர்களிடம் போய்க் கேட்டதில் சில டூல்கள் குறைந்தன. இது பலன் தருகிற கேள்வி, கேட்கத் தயங்க வேண்டாம்.

டூல் ஆயுளை முன்கூட்டியே பார்ப்பது அடுத்தது. ஒவ்வொரு டூலுக்கும் இன்னும் எத்தனை நிமிடம் வெட்டலாம் என்று கன்ட்ரோலர் வைத்திருக்கிறது. விடுவித்த பட்டியலில் அந்த டூலுக்கு எத்தனை நிமிட வேலை இருக்கிறது என்பதும் ப்ரோக்ராமிலிருந்து எடுக்கலாம். இரண்டையும் கழித்தால் போதும். ஓர் உதாரணம்: 16 மில்லிமீட்டர் டிரில்லுக்கு மிச்சம் 40 நிமிடம். ஒரு பேலட்டுக்கு அது 6 நிமிடம் வெட்டுகிறது. வரிசையில் 9 பேலட், ஆக 54 நிமிடம். ஆறு பேலட் முழுதாகப் போகும், ஏழாவதில் நடுவழியில் ஆயுள் முடியும். இதை மெஷின் நின்ற பிறகு கண்டுபிடித்தால், இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றி, ப்ரீசெட்டரில் (டூலை அளக்கும் கருவி) அளந்து, கொண்டுபோய்ப் போட்டு, நீளத்தையும் விட்டத்தையும் தட்டச்சு செய்து முடிக்கும்வரை ஸ்பிண்டில் சும்மா நிற்கும். முன்னாலேயே தெரிந்தால் அதே மாதிரியான மாற்று டூல் ஒன்று நிதானமாகத் தயாராகி, சுற்று ஆளின் டிராலியில் மற்ற சரக்கோடு சரக்காக வந்துவிடும். ஷிஃப்டுக்கு இரண்டு முறை இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டு, பற்றாக்குறை உள்ள டூல்களை மட்டும் ஒரு தாளில் எடுத்து டூல் அறைக்குக் கொடுக்கிறோம். எல்லா டூலையும் அச்சடித்துக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ப்ரீசெட்டரில் அளந்த எண்களைக் கையால் அடிப்பது எனக்குத் துளியும் பிடிக்காத பகுதி. ஒரு இலக்கம் இடம் மாறினால் டூல் போய் ஃபிக்ஸ்சரில் இடிக்கும். ஹோல்டரிலேயே சிப் பதித்து மெஷின் தானே படித்துக்கொள்ளும் வசதி சந்தையில் இருக்கிறது, அது வரும்வரை ஒருவர் அடிக்க இன்னொருவர் ஸ்டிக்கரைப் பார்த்து வாசித்துச் சரிபார்ப்பது என்று வைத்திருக்கிறோம்.

பேலட்டைக் கூட்டினால் எல்லாம் தீரும் என்று ஒரு யோசனை வந்தது. ராக்கில் 18 இடம், பேலட் 16, இன்னும் கொஞ்சம் வாங்கலாமே, மெஷினுக்குள்ளும் வாசலிலும் ஸ்டேஷனிலும் சில எப்படியும் நிற்குமே என்று. எண்ணிக்கை சரிதான், ஆனால் ஒரு நிலையை வரைந்து பார்த்தோம். ராக் முழுதும் நிரம்பிவிட்டது. முதல் மெஷினின் வாசலில் முடிந்த பேலட், ஸ்டேஷனுக்குப் போகக் காத்திருக்கிறது. இரண்டு ஸ்டேஷனிலும் அந்த முதல் மெஷினுக்கு மட்டுமே போகக்கூடிய புதிய பேலட்டுகள். அது நகர்ந்தால்தான் இது போகும், இது போனால்தான் அது நகரும். வண்டி நடுவில் நின்றுகொண்டிருக்கும், பழுது எதுவும் இருக்காது, எதுவும் அசையாது. கம்ப்யூட்டர்காரர்கள் டெட்லாக் என்று சொல்வது இதுவேதான், அது வருவதற்கான நான்கு நிபந்தனைகளை காஃப்மனும் அவரோடு இருவரும் 1971-இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒன்றை உடைத்தாலே போதும். நாங்கள் உடைத்தது வட்டமாகக் காத்திருப்பதை: ராக்கில் ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், மெஷினிலிருந்து வெளியேறும் பேலட்டுக்கு மட்டும்தான் அது. பேலட் 16-ஐத் தாண்டவில்லை.

அந்த 16-க்குள் எவ்வளவு நேரம் ஆளில்லாமல் ஓட்டலாம் என்பது சுவையான கணக்கு. மெஷின் கூட்டத்தை இப்படிச் சேர்த்துக் கட்டும் யோசனையை 1960-களில் முதலில் வைத்தவர் இங்கிலாந்தின் மாலின்ஸ் நிறுவனத்தில் இருந்த வில்லியம்சன். அதற்கு சிஸ்டம் 24 என்று பெயர், நாளின் 24 மணியும் ஓட வேண்டும், அதில் 16 மணி ஆளில்லாமல் என்பது நோக்கம். அப்படி என்றால் பகலில் இருக்கிறவர்கள் இரவுக்கான பேலட்டையும் ஏற்றி வைக்க வேண்டும். எங்கள் செல்லில் மணிக்கு 6.7 பேலட் முடிகிறது, 16 பேலட்டும் ஏறியிருந்தால் 2.4 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். லிட்டில் விதியை (உள்ளே இருக்கும் எண்ணிக்கை = முடியும் வீதம் × நேரம்) தெரிந்தவர்கள் உடனே போட்டுவிடுவார்கள். இதை நீட்ட ராக்கை நீட்ட வேண்டியதில்லை. ஒரு பேலட் ஒரு மணி நேரம் ஓடுகிற நீண்ட ஜாப்களை ஆளில்லாத நேரத்துக்கு ஒதுக்கி வைத்தால் மணிக்கு 4 பேலட்தான் போகும், அதே 16 பேலட் 4 மணி தாங்கும். அதனால் நீண்ட ஜாப்பின் காஸ்டிங் தட்டுகள் ஷிஃப்ட் முடிய இரண்டு மணி இருக்கும்போது வந்து சேரும்படி சுற்று ஆளின் பட்டியலை மாற்றினோம். குறுகிய ஜாப்கள் எல்லாம் ஆள் நிறைய இருக்கும் நேரத்துக்கு.

இப்போது ஸ்டேஷனில் நின்றால் வித்தியாசம் காதில் விழுகிறது. முன்பு லோடிங் ஆபரேட்டர் "அண்ணே, வால்வு மூடி எங்க வெச்சீங்க?" என்று ஸ்டோர்ஸ் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். இப்போது சுற்று ஆளிடம், "அண்ணே, அடுத்த ரவுண்டுல ஒரு தட்டு குறைச்சுக்கலாம், மூணாவது மெஷின் மெதுவாப் போகுது" என்கிறார். அவர் சொன்னதை வைத்து ஒரு வகைக்கு நான்கு தட்டிலிருந்து மூன்றாகக் குறைத்தோம், குறை வரவில்லை. தட்டைக் குறைத்துப் பார்ப்பதுதான் எங்கே இன்னும் தடுமாற்றம் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது, தேவையானால் திரும்ப ஒன்றைச் சேர்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னும் தீராத ஒன்று, மிகக் குறைந்த நேரத்தில் முடிகிற ஜாப்கள். அப்படி ஒன்று இரண்டு மெஷினில் ஒரே நேரத்தில் ஓடினால் ஸ்டேஷன் சுமை மறுபடியும் 90-ஐத் தாண்டுகிறது, எத்தனை தட்டு பக்கத்தில் இருந்தாலும் ஏற்றுகிற கை போதவில்லை. இப்போதைக்கு ஒரு நேரத்தில் ஒரு மெஷினுக்கு மேல் அந்த வகையை விடுவிப்பதில்லை. கிளாம்பை ஸ்பானரால் முறுக்காமல் ஒரே அழுத்தத்தில் பூட்டுகிற ஹைட்ராலிக் ஃபிக்ஸ்சர் ஒன்றை அந்த வகைக்கு மட்டும் வரையத் தொடங்கியிருக்கிறோம், லோடிங் 12-லிருந்து 7 நிமிடத்துக்கு இறங்கினால் இரண்டாவது மெஷினுக்கும் விடலாம் என்று கணக்கு சொல்கிறது.